மொபைல் ஜிபிஎஸ் வழி தவறும்போது: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டறியும் முறை

பெங்களூரு அல்சூரில் மொபைல் பழுது பார்க்கும் கடை வைத்து 14 ஆண்டுகள் ஆகின்றன. கடைக்கு வருபவர்களில் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் ஆட்டோ ஓட்டுபவர்களும் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டு சேர்ப்பவர்களும் அதிகம். பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். "அண்ணா, ஜிபிஎஸ் போயிடுச்சு" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அதற்கு அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "மொபைல்ல இருக்கிற ஜிபிஎஸ் வண்டி ஓட்டத் தாங்குமா, இல்ல தனியா ஒரு மெஷின் வாங்கிடட்டுமா?"

தாங்கும். திறந்த வானத்தின் கீழ் இன்றைய ஸ்மார்ட்போன் தான் இருக்கும் இடத்தை ஏறத்தாழ 5 மீட்டருக்குள் கணித்துவிடுகிறது. அடுத்த திருப்பத்தைச் சரியாகச் சொல்ல அந்தத் துல்லியம் போதும். ஜிபிஎஸ் போய்விட்டது என்று என் மேசைக்கு வந்த மொபைல்களில் உண்மையிலேயே உள்ளே பழுதானவை மிகக் குறைவு; மற்றவற்றில் அனுமதி அணைந்திருக்கும், பேட்டரி சேமிப்பு குறுக்கிட்டிருக்கும், மொபைலை வைத்த இடம் தவறாக இருக்கும், அல்லது அருகில் செருகிய மலிவான சார்ஜர் தொல்லை கொடுத்திருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்திலிருந்து தொடங்கி, செலவு வைக்கும் காரணம்வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். எந்த இடத்தில் நீங்கள் முயற்சியை நிறுத்திவிட்டுக் கடைக்கு வரவேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

## எதையும் தொடுமுன்: புள்ளி தவறா, பாதை தவறா?

மேப்பைத் திறந்து நீலப் புள்ளியைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் புள்ளி சரியாக இருந்தும் வழி மட்டும் கோணலாகப் போகிறது என்றால் ஜிபிஎஸ்ஸில் பழுது இல்லை. நேராக "புள்ளி சரி, பாதை தவறு" என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். புள்ளியே வேறிடத்தில் இருந்தாலோ, அதைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒரு தெருவையே விழுங்கும் அளவுக்கு விரிந்திருந்தாலோ, கோளாறு இடங்காணும் பக்கத்தில் இருக்கிறது.

அப்போது ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். நான் வாடிக்கையாளரை அல்சூர் ஏரிக்கரைக்கு, திருவள்ளுவர் சிலை இருக்கும் பக்கம், அழைத்துச் செல்வேன். உங்களுக்கு ஒரு மொட்டை மாடியோ விளையாட்டுத் திடலோ போதும். வண்டியை விட்டு இறங்கி, மொபைலின் உறையைக் கழற்றி, திரை வானத்தைப் பார்க்கும்படி உள்ளங்கையில் வைத்து மூன்று நிமிடம் நில்லுங்கள். ஆண்ட்ராய்டு மொபைலாக இருந்தால் ஜிபிஎஸ்டெஸ்ட் என்னும் இலவசச் செயலியைத் திறந்தால், ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் எதிரே சிக்னலின் வலு ஓர் எண்ணாகத் தெரியும். திறந்த வெளியில் பல கோள்களுக்கு 35 முதல் 45 வரை எண் வந்தால் மொபைல் நலமாக இருக்கிறது என்று பொருள். மிக உயர்ந்த எண்ணே 25ஐத் தாண்டவில்லை என்றால் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். ஐபோனில் இந்த எண்களைச் செயலிகளால் காட்ட முடியாது. அங்கே மேப்பில் உள்ள நீல வட்டம் சுருங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

இந்த மூன்று நிமிடச் சோதனையின் முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கிளைகள் அதிலிருந்துதான் பிரிகின்றன.

## அறிகுறி: "ஜிபிஎஸ் சிக்னலைத் தேடுகிறது" என்றே நிற்கிறது

### ஒரு செயலியில் மட்டும் இப்படி என்றால்

அந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி முழுமையாக இல்லை. ஆண்ட்ராய்டு 12 முதல், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், துல்லியமான இருப்பிடம், தோராயமான இருப்பிடம் என இரண்டு வகை அனுமதிகள் உள்ளன. செயலியை நிறுவிய அவசரத்தில் தோராயமானதைத் தேர்ந்துவிட்டால் புள்ளி ஓரிரு கிலோமீட்டர் தள்ளி நிற்கவும் கூடும். ஆண்ட்ராய்டில் செயலியின் பெயரை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோ, பெர்மிஷன்ஸ், லொகேஷன் என்று சென்று "யூஸ் பிரிசைஸ் லொகேஷன்" என்பதை இயக்குங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ் ஆகியவற்றின் வழியே அந்தச் செயலிக்குச் சென்று "பிரிசைஸ் லொகேஷன்" என்பதை இயக்குங்கள்.

### வண்டிக்கு வெளியே பிடிக்கிறது, உள்ளே பிடிக்கவில்லை என்றால்

மொபைலில் குறையில்லை, வண்டி மறைக்கிறது. முதலில் மொபைல் இருக்கும் இடத்தை மாற்றுங்கள். கியருக்கு அருகில் உள்ள குழியிலும், சட்டைப் பையிலும், இருக்கையின் மீதும் கிடக்கும் மொபைலுக்கு மேலே தகரக் கூரைதான் இருக்கிறது, வானம் இல்லை. முன்கண்ணாடிக்கு அருகில் ஹோல்டரில் நிறுத்தினால் பாதிப் பேருக்கு அத்துடன் தீர்ந்துவிடும்.

அங்கே வைத்தும் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுக் கொண்ட முன்கண்ணாடியும், உலோகம் கலந்த சன் ஃபிலிமும் ஜிபிஎஸ் சிக்னலை வெகுவாகத் தேய்த்துவிடுகின்றன. இத்தகைய கண்ணாடிகளில் உள்பக்கப் பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் பூச்சு இல்லாத ஒரு சிறு பகுதியைப் பெரும்பாலும் விட்டிருப்பார்கள். மொபைலை அந்தப் பகுதிக்கு அருகில் பிடித்துப் பார்த்து, எண்கள் ஏறினால் காரணம் உறுதியாகிவிடும். பார்வையை மறைக்கும் என்பதால் மொபைலை நிரந்தரமாக அங்கே வைக்காதீர்கள். பக்கவாட்டுக் கண்ணாடிக்கு நெருக்கமாக ஹோல்டரை நகர்த்துங்கள்.

அடுத்த சந்தேகம் சார்ஜரும், சாலையைப் படம்பிடிக்க முன்கண்ணாடியில் மாட்டும் கேமராவான டேஷ்கேமும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. சென்ற ஆண்டு ஒரு தம்பி, கார் வாங்கி ஆறு மாதத்தில் இரண்டு மொபைல் மாற்றிவிட்டு, மூன்றாவதையும் எடுத்துக்கொண்டு வந்தான். என் மேசையில் மூன்றுமே நன்றாக வேலை செய்தன. அவனோடு காரில் போய் உட்கார்ந்து ஜிபிஎஸ்டெஸ்ட்டைத் திறந்தேன். இன்ஜின் அணைந்திருந்தபோது எண்கள் 36, 38 என்று நின்றன. சாவியைத் திருப்பியதும் டேஷ்கேமின் சிவப்பு விளக்கு மினுங்கியது. அடுத்த நொடியே எண்கள் 20க்குக் கீழே சரிந்து, பச்சையாக இருந்த பட்டைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. டேஷ்கேமின் வயரைப் பிடுங்கினேன். ஏறிவிட்டன. மீண்டும் செருகினேன். இறங்கின. அந்தத் தம்பி தன் கையாலேயே நான்கு முறை செருகிப் பிடுங்கிப் பார்த்தான். ஹோல்டர் டேஷ்கேமுக்கு நேர்கீழே ஒரு சாணும் இல்லாத தூரத்தில் இருந்தது.

செயற்கைக்கோள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மெலிந்துவிடுகிறது. தடுப்பு சரியில்லாத மின்கருவி ஒன்று அருகில் இருந்தால் அதன் இரைச்சலே அதை அமுக்கிவிடும். ஆகவே சார்ஜர், டேஷ்கேம், லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் கருவி ஆகிய எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகச் செருகி எண்களைப் பாருங்கள். குற்றவாளி தெரிந்ததும் அதையும் மொபைலையும் குறைந்தது இரண்டு அடி விலக்கி வையுங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் வயரின் இரு முனைகளிலும் மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டலாம். கடைசியாக, தரமான சார்ஜரோ டேஷ்கேமோ வாங்கவேண்டியிருக்கும். மொபைலை மாற்றவேண்டியதில்லை.

### வெளியிலும் பிடிக்கவில்லை என்றால்

இந்த வரிசையில் பாருங்கள். மொபைலை அணைத்து மீண்டும் இயக்குங்கள். தேதியும் நேரமும் தானாகச் சரியாகும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உறையில் காந்த ஹோல்டருக்காக உலோகத் தகடு ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருக்கிறதா, அதில் "செலக்ட் மாக் லொகேஷன் ஆப்" என்ற இடத்தில் ஏதாவது செயலியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். போலி இருப்பிடம் காட்டும் செயலியை யாரோ சொல்லி நிறுவிவிட்டு மறந்துபோனவர்கள் பலர். அது இருக்கும்வரை உண்மையான இடம் மேப்புக்கு வந்து சேராது. அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

அதன் பிறகு, ஜிபிஎஸ்டெஸ்ட் செயலியிலேயே, கோள்களைச் சீக்கிரம் பிடிக்க உதவும் துணைத் தரவை அழித்துப் புதிதாக இறக்கும் வசதி இருக்கிறது. இணையம் இயங்கும் நிலையில் அதைச் செய்யுங்கள். ஐபோனில் ரீசெட் பகுதியில் "ரீசெட் லொகேஷன் அண்டு பிரைவசி" என்பதை அழுத்துங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் கட்டாயம் அல்ல, சிம் இல்லாமலும் அது வேலை செய்யும். ஆனால் இணையம் இல்லாதபோது கோள்களின் விவரத்தை வானத்திலிருந்தே மெதுவாகக் கேட்டு எடுக்கவேண்டியிருப்பதால், முதல் முறை பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நேரத்தில் அசையாமல் நிற்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் எண்கள் 25ஐத் தாண்டவில்லை என்றால் கடைசிப் பகுதிக்குச் செல்லுங்கள். நீங்கள் வைத்திருப்பது மொபைல் அல்ல, டேப் என்றால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: சிம் போட முடியாத, வைஃபை மட்டும் உள்ள ஐபேடுகளில் ஜிபிஎஸ் கிடையாது. அதற்குப் பழுது பார்க்க எதுவும் இல்லை.

## அறிகுறி: புள்ளி பக்கத்துச் சாலைக்குத் தாவுகிறது

### மேம்பாலத்திலும் அதன் அடியிலும் மட்டும் என்றால்

பெங்களூருவில் ஓட்டுபவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை செல்லும் சுமார் 10 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலை 2010இல் திறக்கப்பட்டது. அதற்கு நேர்கீழே ஓசூர் சாலை ஓடுகிறது. ராகிகுட்டா முதல் சில்க் போர்டு வரை கீழே சாலை, நடுவில் மேம்பாலம், அதன் மேல் மெட்ரோ என்று மூன்று அடுக்குகள் உள்ளன. மேலிருந்து பார்த்தால் இவை எல்லாம் ஒரே கோடு. ஜிபிஎஸ் கிடைமட்டத்தில் காட்டும் துல்லியத்தை உயரத்தில் காட்டுவதில்லை. நீங்கள் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பதை மேப் பெரும்பாலும் ஊகித்துத்தான் சொல்கிறது.

ஆகவே இங்கே மொபைலைப் பழுது பார்த்துப் பயனில்லை. ஓட்டும் முறையைத்தான் மாற்றிக்கொள்ளவேண்டும். மேம்பாலத்தில் ஏறுவதற்கு அரை கிலோமீட்டர் முன்பே வழியைப் பெரிதாக்கி, ஏறவேண்டுமா சர்வீஸ் ரோட்டில் போகவேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். கூகுள் மேப்ஸ் 2024 முதல் இந்திய நகரங்களில் காரில் செல்பவர்களுக்கு மேம்பாலத்தில் ஏறும்படி முன்கூட்டியே சொல்கிறது. செயலியைப் புதுப்பித்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். தவறுதலாகக் கீழேயே போய்விட்டால், மேப் தன் பிழையை உணர்ந்து பாதையை மாற்றும்வரை அதன் பேச்சைக் கேட்காமல் பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். சுங்கச்சாவடிப் பாதையைத் தவிர்க்கும்படி அமைத்துவைத்து மறந்திருந்தால் உயர்மட்டச் சாலையை மேப் காட்டவே காட்டாது என்பதையும் கவனியுங்கள்.

மெட்ரோ பாலத்தின் நிழலிலேயே நெடுந்தூரம் செல்லும் சிஎம்ஹெச் சாலை போன்ற இடங்களில் தலைக்கு மேல் உள்ள வானம் மறைந்துவிடுவதால் புள்ளி பக்கவாட்டில் நகரும். திருப்பத்துக்கு வருவதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.

### கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் மட்டும் என்றால்

வெளிவட்டச் சாலையின் ஐடி வளாகங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வந்து சேர்கிறது. மொபைல் அதை நேராக வந்ததாக எடுத்துக்கொண்டு, உங்களைச் சர்வீஸ் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வைஃபையை அணைக்காமல் வைத்திருங்கள். சுற்றியுள்ள வைஃபை நிலையங்களை வைத்தும் மொபைல் தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் சர்வீசஸ் பகுதியில் "லொகேஷன் அக்யூரசி" என்பது இயங்கவேண்டும்.

நாள் முழுக்க இந்தப் பகுதியிலேயே ஓட்டுபவராக இருந்தால், அடுத்த மொபைல் வாங்கும்போது இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்றே சொல்வேன். எல்1 என்ற பழைய அலைவரிசையோடு எல்5 என்ற இரண்டாவதையும் கேட்கும் மொபைல்கள் 2018 முதல் சந்தையில் உள்ளன. தெறித்து வரும் சிக்னலை அவை நன்றாகப் பிரித்தறிகின்றன. பெங்களூருவை அடுத்த பயலாளுவில் தரைநிலையம் வைத்து இஸ்ரோ நடத்தும் நாவிக் என்ற இந்தியாவின் சொந்த இடங்காணும் அமைப்பின் கோள்களும் எல்5இல் பேசுகின்றன. அதைக் கேட்கும் மொபைலில் ஜிபிஎஸ்டெஸ்ட்டைத் திறந்தால் நம் கொடியிட்ட வரிசைகள் தெரியும். அவை கூடுதல் துணைதான், ஆனாலும் கட்டடங்களுக்கு இடையே ஒவ்வொரு கூடுதல் கோளும் உதவும். இதற்காகவே மொபைல் மாற்றவேண்டுமா என்றால், வேண்டாம். ஹோல்டரின் இடத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, பழைய மொபைல் ஓய்வுபெறும்வரை பொறுத்திருங்கள்.

### திறந்த சாலையிலும் தாவுகிறது என்றால்

முதல் அறிகுறியின் கீழ் சொன்ன சார்ஜர் சோதனையைச் செய்யுங்கள். காரின் திரையோடு மொபைலை இணைத்திருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்தும் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இரண்டும் காரில் உள்ள ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொள்ளக்கூடும். காரின் ஆன்டெனா கெட்டிருந்தால் நல்ல மொபைலும் தவறான இடத்தையே காட்டும். துண்டித்ததும் சரியானால் காரின் மின்சாதனங்களைப் பார்ப்பவரிடம் செல்லுங்கள், என்னைப் போன்ற மொபைல்காரரிடம் அல்ல.

## அறிகுறி: திருப்பத்தைத் தாண்டிய பிறகு "இடதுபுறம் திரும்பவும்" என்கிறது

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறோம். மொபைல் மூன்று நொடி தாமதித்தால் 50 மீட்டர் போய்விடும். பெங்களூரு லேஅவுட்களில் அதற்குள் ஒரு கிராஸை, அதாவது குறுக்குத் தெருவை, தாண்டிவிடலாம். ஆனால் தாமதம் ஜிபிஎஸ்ஸிலிருந்து வருவது அரிது. வாடகைக்கு ஓட்டுபவர்களின் மொபைலில் இரண்டு மூன்று சவாரிச் செயலிகள், அவற்றின் மிதக்கும் பொத்தான்கள், கூடவே ஒரு பாட்டுச் செயலி என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். சேமிப்பு இடமும் நிரம்பி வழியும். முதலில் இடத்தைக் காலி செய்து மொபைலை மறுபடி இயக்குங்கள். பேட்டரி சேவரை அணையுங்கள்.

தாமதம் படத்தில் இல்லை, குரலில் மட்டும் இருக்கிறது என்றால் புளூடூத்தைச் சந்தேகியுங்கள். சில காரின் ஸ்பீக்கர்கள் விழித்துக்கொள்வதற்குள் முதல் இரண்டு சொற்களை விழுங்கிவிடும். செயலியில் "பிளே வாய்ஸ் ஓவர் புளூடூத்" என்பதை அணைத்தால் குரல் மொபைலிலிருந்தே வரும்.

நடுவே இணையம் போவதால் புதிய பாதை வர நேரமாகிறது என்றால், ஓட்டும் பகுதியின் மேப்பை முன்பே இறக்கி வையுங்கள். அதில் போக்குவரத்து நெரிசல் தெரியாது, ஆனால் திருப்பங்கள் தெரியும்.

## அறிகுறி: கிளம்பும்போது அம்பு எதிர்த்திசையைக் காட்டுகிறது

நின்றுகொண்டிருக்கும்போது திசையை ஜிபிஎஸ் சொல்வதில்லை, மொபைலில் உள்ள காந்தத் திசைகாட்டி சொல்கிறது. வண்டி ஓடத் தொடங்கியதும் ஓடும் திசையை வைத்து மேப் தன்னைத் திருத்திக்கொள்ளும். எனவே இருபது முப்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். சரியானால் காந்த ஹோல்டரும் காந்தப் பூட்டுள்ள உறையும்தான் காரணம். அவற்றைக் கழற்றி, மொபைலைக் காற்றில் எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றுங்கள். விலை குறைந்த சில மொபைல்களில் திசைகாட்டியே இருக்காது. அப்படிப்பட்டவர் கிளம்பும்போது மேப்பில் எதிரே தெரியும் கடையையோ கோயிலையோ பார்த்துத் திசையை உறுதிசெய்துகொள்ளவேண்டும். ஓடும்போதும் அம்பு எதிர்த்திசையில் நின்றால், முந்தைய அறிகுறிகளிலிருந்து தொடங்குங்கள்.

அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வந்தவுடன் நடப்பதும் இதுபோன்றதுதான். மேலே வந்து, பாதுகாப்பான ஓரத்தில் அரை நிமிடம் நிறுத்தி, புள்ளி உண்மையான சாலைக்கு வந்த பிறகு புறப்படுங்கள்.

## அறிகுறி: திரை அணைந்ததும், அல்லது அழைப்பு வந்ததும், வழிகாட்டல் நின்றுவிடுகிறது

இது பேட்டரி சேமிப்பின் வேலை. மேப் செயலியின் ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்பதற்குச் சென்று "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்றோ "நோ ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்றோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சவாரிச் செயலிக்கும் அதையே செய்யுங்கள். சில நிறுவனங்களின் மொபைல்களில் ஆட்டோஸ்டார்ட் என்ற தனி அனுமதியும் இருக்கும், அதையும் கொடுங்கள். இதற்காகக் கடைக்கு வந்து காசு செலவழிக்கவேண்டாம்.

குரலே வரவில்லை என்றால் வழிகாட்டும் திரையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைப் பாருங்கள், அது ஊமையாக்கப்பட்டிருக்கும். தமிழில் கேட்க விரும்பி மொழியை மாற்றியும் ஆங்கிலமே வந்தால், டெக்ஸ்ட் டு ஸ்பீச் அமைப்பில் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ளவேண்டும்.

## அறிகுறி: மொபைல் கொதித்து, திரை மங்கி, சார்ஜ் ஏற மறுக்கிறது

வெயிலில் முன்கண்ணாடிக்கு அருகில் திரையும் ஜிபிஎஸ்ஸும் சார்ஜரும் ஒருசேர இயங்கினால் எந்த மொபைலும் சூடாகும். ஐபோனைச் சுற்றுப்புறம் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஏப்ரல் மதியத்தில் நிறுத்திய காருக்குள் அதைவிட வெகு அதிகமாகிவிடும். ஹோல்டரை ஏசிக் காற்று வரும் துவாரத்துக்கு மாற்றுங்கள். தடிமனான உறையைக் கழற்றுங்கள். வேகச் சார்ஜரைவிடச் சாதாரணச் சார்ஜர் இங்கே நல்லது, சூடு குறையும். மொபைலை ஃப்ரிட்ஜில் வைக்கவோ ஈரத்துணியால் சுற்றவோ கூடாது.

பின்பக்கம் உப்பி, மூடி திறந்துகொள்வதுபோல் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது பேட்டரி வீங்கியதன் அடையாளம். அன்றைக்கே கடைக்குக் கொண்டுவந்து மாற்றவேண்டும். அதை அழுத்தியோ குத்தியோ பார்க்கக்கூடாது.

இருசக்கர வண்டியில் கைப்பிடியில் மாட்டி ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் அதிர்வால் மொபைலின் கேமரா கெடக்கூடும் என்று 2021இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த ஹோல்டரை வாங்குங்கள். மொபைலைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது குற்றம். வழி பார்க்க மட்டும், ஓட்டும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி இடம் கொடுக்கிறது. அதை நிறைவேற்ற ஹோல்டர் ஒன்றுதான் வழி.

## அறிகுறி: புள்ளி சரி, பாதை தவறு

நீங்கள் எந்த வாகனத்துக்கு வழி கேட்டீர்கள் என்று பாருங்கள். கூகுள் மேப்ஸ் 2017 இறுதியில் இருசக்கர வண்டிக்கென்று தனி வழியை இந்தியாவில் கொண்டுவந்தது. பைக் படத்தைத் தெரியாமல் தொட்டுவிட்டு காரில் கிளம்பினால் கார் நுழையாத சந்தில்தான் போய் நிற்கும்.

அடுத்தது முகவரி. பெங்களூருவில் "3வது மெயின், 5வது கிராஸ்" என்பது ஒவ்வொரு லேஅவுட்டிலும் இருக்கிறது. 80 அடிச் சாலை கோரமங்களாவிலும் உண்டு, இந்திராநகரிலும் உண்டு. பகுதியின் பெயரையும் பின்கோடையும் சேர்த்துத் தேடுங்கள். அதைவிட நல்லது, சேரவேண்டிய இடத்தில் இருப்பவரை வாட்ஸாப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்வது. அவரும் வீட்டுக்குள் இருந்து அனுப்பாமல் வாசலுக்கு வந்து, புள்ளி நிலைத்த பிறகு அனுப்பவேண்டும்.

ஒருவழிப் பாதை மாறியிருந்தாலோ, சாலை தோண்டப்பட்டிருந்தாலோ, குடியிருப்பின் பின்வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாலோ செயலியிலேயே தவறைத் தெரிவிக்கலாம். தெரிவியுங்கள். அடுத்த வண்டிக்காரருக்கு அது உதவும்.

## அறிகுறி: டிஸ்ப்ளே மாற்றியபின், கீழே விழுந்தபின், மழையில் நனைந்தபின் தொடங்கியது

இங்கே நீங்களாகச் செய்வதற்கு அதிகம் இல்லை. ஆனால் கடைக்காரரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்கவேண்டும்.

பல மொபைல்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கிறது. அதுவும் போர்டும் சிறு வில் போன்ற தொடுப்புகளால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே மாற்றும்போது ஒரு திருகு விட்டுப்போனாலும், தொடுப்பு ஒன்று வளைந்தாலும் சிக்னல் பாதியாகிவிடும். இந்தத் தவறு என் கையிலும் நடந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் மொபைலில் மேல்மூலைத் திருகைப் போட மறந்து அனுப்பிவிட்டு, மறுநாள் அவர் திரும்பி வந்தபோது மன்னிப்புக் கேட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஆகவே டிஸ்ப்ளேயோ பேட்டரியோ பின்கண்ணாடியோ மாற்றிய ஒரு வாரத்துக்குள் இந்த அறிகுறி வந்தால், மாற்றியவரிடமே எடுத்துச் சென்று திருகுகளையும் தொடுப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு கேட்கக்கூடாது.

வேறு கடைக்குப் போவதானால் முதலில் ஒன்றைக் கவனித்துவிட்டுச் செல்லுங்கள்: வைஃபையும் வலு குறைந்திருக்கிறதா? பல மொபைல்களில் இரண்டுக்கும் ஆன்டெனா பொதுவாகவோ பக்கத்திலோ இருக்கும். இரண்டும் சேர்ந்து மெலிந்திருந்தால் ஆன்டெனாவோ தொடுப்போதான் காரணமாக இருக்கும். சிறிய வேலை, செலவு பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும். ஜிபிஎஸ் மட்டும் செத்திருந்தால் போர்டில் அதன் சிக்னலை வடிகட்டும் பாகமோ பெருக்கும் பாகமோ போயிருக்கலாம். அது நுண்ணோக்கி வைத்து வேலை செய்பவர் மட்டும் தொடவேண்டியது.

நனைந்த மொபைலை அரிசி டப்பாவில் போடாதீர்கள். அரிசி உள்ளே இறங்கிய நீரை உறிஞ்சாது, தூசியைத்தான் உள்ளே தள்ளும். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், அன்றைக்கே கொண்டுவாருங்கள். தாமதித்தால் தொடுப்புகளில் பச்சை படர்ந்துவிடும்.

போர்டு வேலைக்கு முன் படங்களையும் தொலைபேசி எண்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலவை முன்கூட்டியே கேளுங்கள். மொபைலின் இன்றைய விற்பனை மதிப்பில் பாதியைத் தாண்டினால் நான் செய்யவேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் காசுக்கு ஒரு பழைய மொபைலை வாங்கி, வழி பார்ப்பதற்கென்றே காரில் வைத்துக்கொள்வது மேல்.

வேலை முடிந்து மொபைலை வாங்கும்போது கடைக்குள் நின்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், அங்கே வைஃபையே புள்ளியை நிறுத்திவிடும். வெளியே திறந்த இடத்துக்கு வந்து, ஏரோபிளேன் மோடை இயக்கி, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதிசெய்து, ஜிபிஎஸ்டெஸ்ட்டில் எண்கள் 35ஐத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.